நீச்சல்குளம் உள்ள தாய்வீடு

1

போன மாதம் எங்கள் வீட்டு நீச்சல்குளத்தை மண் போட்டு மூடினோம். திருவனந்தபுரம் ஆரியசாலையில் யாராவது இதைப் படித்தால் "கோமதிக்கு வந்த வாழ்வைப் பாரு, நீச்சல்குளமாம்" என்று சொல்வீர்கள். அவசரப்படாதீர்கள். சாம்பியாவில் நாங்கள் இருப்பது ஒரு செப்புச் சுரங்க ஊர். வெள்ளைக்கார இன்ஜினியர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட வீடுகளில் இப்போது எங்களைப் போன்ற வாத்தியார் குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டோடு குளமும் வந்தது. சமையல் எண்ணெய்க்கே காலையில் எழுந்து வரிசையில் நிற்கிற காலத்தில் குளோரினுக்கு எங்கே போவது? தண்ணீர் பச்சையாகித் தவளை குடிவந்தது. கடைசியில் கொசு மருந்து அடிக்க வந்தவர்கள் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். குளத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் மூடிவிட வேண்டும்.

மூடுவதற்கும் ஒரு விண்ணப்பம் உண்டு, மூன்று பிரதி. 'மூடுவதற்கான காரணம்' என்ற இடத்தில் என் கணவர் 'குளோரின் கிடைக்கவில்லை' என்று எழுதினார். குமாஸ்தா அதைத் திருப்பித் தந்து 'கொசு' என்று எழுதச் சொன்னார். எழுதியதும் முத்திரை விழுந்தது. என் கணவர் கணக்கு வாத்தியார். அவருக்கு இது பொறுக்கவில்லை. உண்மையான காரணத்தைச் சொன்னால் வேலை நடக்காதா என்று இரண்டு நாள் புலம்பிக்கொண்டிருந்தார்.

லாரியிலிருந்து செம்மண் சரிந்து குளத்தில் விழுந்தபோது நான் அடுக்களை ஜன்னலில் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதற்கென்று தெரியவில்லை.

"பதினேழு வருஷத்துல ஒரு நாளாவது அதுல காலை நனைச்சிருக்கியா நீ?" என்று கேட்டார் அவர்.

இல்லைதான். எனக்கு நீந்தத் தெரியாது. பிள்ளைகள் நீந்தும்போது துண்டை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததோடு சரி. ஆனால் நம்மூரில் இன்னொரு நீச்சல்குளத்தில் ஒரு நாள் இறங்கினேன். அதை அவரும் பார்த்திருக்கிறார், மறந்துவிட்டார். அடுத்த மாதத்தோடு அப்பா தவறி ஒரு வருஷம் ஆகிறது. அதனால்தான் எது எதற்கோ கண் கலங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். நான்கு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பதினைந்து நாளை எழுதிவைத்தால் என் குழப்பம் கொஞ்சம் தெளியும் என்று தோன்றியது. எழுதத் தொடங்கியபின் தெளிவது போலத் தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

2

மூன்று வருஷத்துக்கு ஒரு முறைதான் எங்களுக்கு நீண்ட விடுப்பு. முன்பெல்லாம் ஊருக்கு வந்தால் திருநெல்வேலியில் என் மாமியார் வீட்டில் தங்குவோம். அங்கிருந்து பகலில் திருவனந்தபுரம் வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் பஸ் பிடிப்பேன். ஆரியசாலையில் எங்கள் வீடு என்பது பலசரக்கு மொத்தக் கடையும் அதற்கு மேலே இரண்டு அறையும்தான். அதில் அண்ணன், மதினி, அவர்களுடைய நான்கு பிள்ளைகள், அப்பா. அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டாள். தலைப்பிரசவத்துக்குக்கூட நான் வரவில்லை. மீனாவும் அருணும் சாம்பியாவில்தான் பிறந்தார்கள். கணக்குப் பார்த்தால், கல்யாணத்துக்குப் பிறகு அப்பா இருக்கும் வீட்டில் நான் தூங்கியது மூன்றே இரவுகள். அது மறுவீட்டுக்கு வந்தபோது.

அந்த முறை மாமியாரும் இல்லை, திருநெல்வேலி வீடும் கைமாறியிருந்தது. எங்கே தங்குவது என்று பேச்சு வந்தபோது, இங்கே கூட வேலை பார்க்கும் ஒரு மலையாளி ஆசிரியர் ஒரு வழி சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒரு துபாய்க்காரர் கோவளம் போகிற வழியில் வீடு கட்டியிருக்கிறாராம். அவர் துபாயிலேயே இருப்பதால், கடல் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு அதை வாரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறாராம். நீச்சல்குளம்கூட உண்டாம். குளம் என்றதும் பிள்ளைகள் குதித்தார்கள். முந்தைய விடுப்பில் அருணுக்கு வயிற்றுப்போக்கு வந்து பட்ட பாட்டில், ஊர் என்றாலே அவனுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர்தான் ஞாபகம்.

வாசலில் ஆங்கிலத்தில் 'வில்லா' என்று பலகை மாட்டியிருந்தது. பிறகு நான் சொல்லக் கேட்டு, வில்லா என்றால் என்ன என்று மதினி கேட்டாள். பங்களா மாதிரி என்றேன். "பங்களான்னா பேய் கெடக்குமே, பாத்து எடுத்தியளா?" என்றாள்.

பேய் இல்லை. சுகுமாரன் இருந்தார். வீட்டைப் பார்த்துக்கொள்பவர், ஐம்பது வயது, பனியனுக்கு மேல் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. நாங்கள் டாக்ஸியிலிருந்து இறங்கியதும் ஒரு தடித்த ரெஜிஸ்டரை நீட்டினார். வரும் வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் எழுத வேண்டியது. போலீஸார் வந்து பார்ப்பார்களாம்.

"சேச்சி, ஏது ராஜ்யத்து நிந்நா?" என்று கேட்டார், எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்று.

"இந்த ஊர்தான். ஆரியசாலை."

"அப்போ இவிடெ எந்தினா தாமசிக்குந்நது?"

சொந்த ஊரில் எதற்கு இங்கே தங்குகிறாய் என்று கேட்டார். ரெஜிஸ்டரில் 'எங்கிருந்து வருகிறீர்', 'எங்கே போகிறீர்', 'வந்த காரியம்' என்று கட்டங்கள். எனக்கு மேல் வரியில் இருந்த ஜெர்மன்காரி வந்த காரியத்தில் 'ஓய்வு' என்று எழுதியிருந்தாள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். இதே ஊரில் பிறந்து இருபத்திரண்டு வருஷம் வளர்ந்தவள், இங்கே எதற்கு வந்தாள்? என் கணவர் பேனாவைப் பிடுங்கி 'விடுமுறை' என்று எழுதிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்.

3

மறுநாள் ஆரியசாலைக்குப் போனேன். கடையில் மூட்டைகளுக்கு நடுவே அப்பா உட்கார்ந்திருந்தார். எழுபது வயது, மூச்சு வாங்குகிறது, ஆனால் ஒரு கைப்பிடி துவரம்பருப்பை உள்ளங்கையில் தள்ளிப் பார்த்துவிட்டு எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவார்.

"வந்துட்டியா மக்கா" என்றார். அவ்வளவுதான். மூன்று வருஷம் கழித்துப் பார்க்கும் மகளிடம் பேச எங்கள் வீட்டு ஆண்களுக்கு இதற்கு மேல் வார்த்தை கிடையாது.

நான் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். அந்தப் பதினைந்து நாளும் அப்பா எங்களோடு வந்து இருக்க வேண்டும். நான் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறேன், என்ன சமைக்கிறேன், பிள்ளைகளை எப்படித் திட்டுகிறேன் என்று ஏர்மெயில் தாளில் எழுத முடியாததையெல்லாம் அவர் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அடுத்த விடுப்புக்கு மூன்று வருஷம். அந்த மூச்சிரைப்பைக் கேட்டபோது மூன்று வருஷம் ரொம்ப நீளமாகத் தெரிந்தது.

கேட்டேன். "பாப்போம்" என்றார். எங்கள் வீட்டில் பாப்போம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

மாடிக்குப் போனதும் அண்ணன் விளக்கினான். "உனக்குத் தெரியாதாட்டீ? அப்பா பொண்ணு குடுத்த வீட்டுல காப்பி குடிப்பாவ, இருந்து பேசுவாவ. சோறு திங்கமாட்டாவ, ராத்தங்க மாட்டாவ. தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தானே."

எனக்குத் தெரியும். எல்லா வீட்டிலும் இந்த வழக்கம் இவ்வளவு கடுமையாக இல்லை. பேரப்பிள்ளை பிறந்தால் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் விடவில்லை. ஆனால் நான் ஒரு வாதத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். கீழே இறங்கி வந்து சொன்னேன்:

"அப்பா, அது மாப்பிள்ளை வீடு இல்லை. யாரோ துபாய்க்காரர் வீடு. பதினஞ்சு நாளுக்கு எடுத்திருக்கோம். அங்க தங்கினா தப்பில்லை."

அப்பா யோசித்தார். வாடிக்கைக்காரர் ஒருவர் நடுவில் வந்து மல்லியைக் கேட்டார். அவரை அனுப்பிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "மாப்பிள்ளை வீடுன்னா நான் படுக்கப்படாது. மாப்பிள்ளை வீடில்லை, எவனோ ஒருத்தன் வீடுன்னா, அங்க எனக்கு என்ன காரியம்?"

இரண்டு பக்கமும் கதவு. எந்தப் பக்கம் தட்டினாலும் அடைத்துக்கொள்கிறது. கணக்கு வாத்தியாரிடம் வந்து சொன்னேன். "உங்க அப்பா சொல்றது தர்க்கப்படி சரி" என்று அவர் மெச்சிக்கொண்டார். அன்று ராத்திரி அவரோடு நான் பேசவில்லை.

மறுநாள் முழுக்கக் குளத்தங்கரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் நீந்தினார்கள். மீனாவுக்கு அப்போது பதின்மூன்று, அருணுக்கு ஒன்பது. இருவரும் ஆங்கிலத்தில் கத்தினார்கள். நடுநடுவே சாம்பியாவில் பள்ளித் தோழர்களிடம் கற்ற பெம்பா மொழியில் இரண்டு வார்த்தை. நான் தமிழில் அதட்டினால் ஆங்கிலத்தில் பதில் வரும். சுகுமாரனிடம் தேங்காய் கேட்கப் போய் நானே பெம்பாவில் வணக்கம் சொல்லித் தொலைத்தேன். தமிழும் மலையாளமும் நாக்கின் நுனியில் இருந்தும் வேறு எதுவோ வந்தது. அவர் என்னை வெளிநாட்டுக்காரி என்று எழுதி வாங்கியதில் தப்பில்லை என்று பட்டது. ஆரியசாலையிலிருந்து ஆறு மைல் தள்ளி, தண்ணீரில் விளையாடும் வேற்றுநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆயாவாக வந்தவள் மாதிரி இருந்தேன்.

4

நான்காம் நாள் காலையில் கேட்டுக்கு வெளியே ஒரு ஜீப் வந்து நின்றது. ஆரியசாலையில் பக்கத்துக் கடைக்காரருடையது. முன்னால் அப்பா. பின்னால் அண்ணனும் சாமான்களும். அரிசி அரை மூட்டை, பருப்பு, புளி, தேங்காய், ஒரு டின் எண்ணெய், மண்ணெண்ணெய் ஸ்டவ், புதுப் பித்தளைச் செம்பு, சுருட்டிய பாய், தலையணை.

நான் ஓடினேன். அப்பா உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே என் கணவரிடம் மரியாதையாகச் சொன்னார்: "மாப்ளே, கொஞ்சம் சிரமம். நீங்க எல்லாரும் ஒரு பத்து நிமிஷம் வெளிய வந்து நிக்கணும்."

"எல்லாருமா?"

"எல்லாரும். பிள்ளையளும்."

என்ன ஏது என்று புரியாமல் வெளியே வந்தோம். மீனா நீச்சல் உடைக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு, தெருவில் சைக்கிளில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். நம்மை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார்களா என்று அருண் ஆங்கிலத்தில் கேட்டான்.

நாங்கள் நால்வரும் தெருவுக்கு வந்த பிறகு அப்பா வலது காலை வைத்து உள்ளே போனார். அண்ணன் சாமான்களோடு பின்னால் போனான். அடுக்களையில் இருந்த காஸ் அடுப்பைத் தொடவில்லை. தரையில் தன் ஸ்டவ்வை வைத்துப் பற்றவைத்து, புதுச் செம்பில் பாலை ஊற்றினார். சுகுமாரன் பதறி ஓடிவந்து, கேட்டுக்கும் அடுக்களைக்கும் இடையில் மாறி மாறி நடந்தார். குடியிருப்பவர்கள் தெருவில் நிற்கிறார்கள், யாரோ ஒரு கிழவர் உள்ளே அடுப்பு மூட்டுகிறார். அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒன்று நடந்திருக்காது.

பால் பொங்கி வழிந்தது. அண்ணன் உள்ளிருந்து சத்தம் கொடுத்தான். அப்பா தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு கேட் வரை வந்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"வாங்க மாப்ளே. வா மக்கா. பிள்ளையளா, வாங்க, வாங்க. நம்ம வீடுதான்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் பெண் கொடுத்த வீட்டில் தங்க வரவில்லை. பால் காய்ச்சிக் குடிபுகுந்து, மகளைத் தாய்வீட்டுக்கு அழைக்கிறார். நான் அங்கேயே தெருவில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான் என்று நினைக்கிறேன். என் கணவருக்குத்தான் பாவம், முகம் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டை எடுத்தவர் அவர், இப்போது விருந்தாளியும் அவர். ஈரக் காலோடு, அரைக்கால் சட்டையோடு, மாப்பிள்ளை முறுக்குக்கு எந்த வசதியும் இல்லாமல் உள்ளே போனார்.

சுகுமாரனுக்கு ஒன்றுதான் கவலை. புதிதாக ஓர் ஆள் தங்கினால் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். நீட்டினார். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு தமிழிலேயே எழுதினார். எங்கிருந்து: ஆரியசாலை. எங்கே போகிறீர்: ஆரியசாலை. வந்த காரியம்: மகள் வந்திருக்கிறாள்.

சுகுமாரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ் படிக்கத் தெரியாது. "இது எந்தா?" என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். "போலீஸ் சோதிச்சா எந்து பறயும்?" போலீஸ் கேட்டால் என்ன சொல்வதென்று முனகிக்கொண்டே மூடிவைத்தார்.

5

அதற்குப் பிறகு அடுக்களைக்குள் நான் போக முடியவில்லை. "வீட்டுக்கு வந்த பிள்ளை அடுப்படியில நிக்கவா? போ, போய்க் கெட" என்று விரட்டிவிடுவார். அம்மா போன பிறகு தானே கற்றுக்கொண்ட சமையல். சோறு, ரசம், ஒரு துவையல், அப்பளம். மாப்பிள்ளைக்கு முதல் இலை. எனக்கு இரண்டாவது. நான் பரிமாற எழுந்தால் முறைப்பார். முப்பத்தேழு வயதில், பகல் பதினோரு மணிக்குத் தலைவாராமல், ஒரு வேலையும் இல்லாமல், அப்பா குழம்பு தாளிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இன்று இங்கே காலை ஐந்து மணிக்கு எழுந்து, மின்சாரம் போவதற்குள் சோளமாவுக் களியைக் கிளறிவைத்து, மீனாவின் லண்டன் கல்லூரி மனுவை டைப் அடிக்கும்போது, அந்தப் படுக்கையை நினைத்தால் வேறு யாருடைய வாழ்க்கையோ மாதிரி இருக்கிறது.

பிள்ளைகளோடு அப்பாவுக்குப் பேச்சு ஓடவில்லை. அவர் தமிழும் மலையாளமும் கலந்து ஒன்று கேட்பார். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் ஆங்கிலத்தில் சொல்ல, அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, நான் தமிழாக்குவேன். நடுவில் எனக்கே எது எந்த மொழி என்று மறந்து, அப்பாவிடம் ஆங்கிலத்தில் பேசிவிடுவேன்.

சனிக்கிழமை வந்தது. அப்பா சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர். விடியும்போதே எழுந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் பூசி, ஒரு மணி நேரம் ஊறி, சீயக்காய்க் கிண்ணத்தோடு நேராகக் குளத்தில் இறங்கிவிட்டார். அவர் பார்வையில் அது குளம். குளம் எதற்கு இருக்கிறது?

சுகுமாரனின் கூச்சலில்தான் நாங்கள் எழுந்தோம். குளத்தின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம். ஓரமெல்லாம் சீயக்காய்த் திப்பி. அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"அய்யோ, இதில் எண்ண பாடில்லா! வெள்ளம் முழுவன் களயணம்!" என்று சுகுமாரன் தலையில் அடித்துக்கொண்டார். இதில் எண்ணெய் படவே கூடாதாம், தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்ட வேண்டுமாம், தளத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டுமாம், திரும்ப நிறைய இரண்டு நாள் ஆகுமாம்.

அதற்குள் மீனா வந்து பார்த்தாள். 'சீ, அருவருப்பு' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. முகம் தெரியும்.

அவர் கரையேறினார். வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டார். உள்ளே போய்ப் பாயைச் சுருட்டத் தொடங்கினார்.

"என்னப்பா செய்றீங்க?"

"ஜீப்புக்குச் சொல்லிவிடு மக்கா. நான் போறேன்."

"எதுக்கு?"

"எனக்க வீடுன்னு நெனச்சுப்போட்டேன். எனக்க வீட்டுல நான் குளிச்சதுக்கு எவனும் என்னெ ஏசமாட்டான். ஏசுகான்னா இது எனக்க வீடில்ல. அப்போ யாருக்க வீடு? வேண்டாம், செரியாவாது."

அந்தத் தர்க்கம் திரும்ப வந்துவிட்டது. பால் பொங்கிய அன்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து நம்பிய ஒன்றை, சுகுமாரனின் ஒரு கூச்சல் கலைத்துவிட்டது. அப்பா போனால் மறுபடி வரமாட்டார் என்பது மட்டும் தெரிந்தது. எனக்கு அவர்மேல் கோபம், மீனாமேல் கோபம், சுகுமாரன்மேல், இந்த வில்லாவைக் கண்டுபிடித்துச் சொன்ன ஆசிரியர்மேல்கூடக் கோபம்.

அடுக்களைக்குப் போய் எண்ணெய்க் குப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். பாதிக் குப்பி. காதோரம் வழிந்து ரவிக்கை நனைந்தது. பெண்கள் வெள்ளிக்கிழமை குளிப்பார்கள், அன்று சனி. அதெல்லாம் யார் பார்த்தார்கள்? நேராக நடந்து போய், புடவையோடு குளத்துப் படியில் இறங்கினேன். இரண்டாம் படியில் வழுக்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"சேச்சி!" என்று அலறினார் சுகுமாரன்.

"எப்படியும் தண்ணியைக் களையணும்லா? அப்போ எங்க வீட்டுல எல்லாரும் தேய்ச்சுக் குளிச்சபிறகு களைஞ்சாப் போதும்" என்றேன். அப்பாவுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் சொன்னேன். மார்பு வரை தண்ணீர். பயந்து சாகிறேன் என்று வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அருணுக்கு இதைவிட என்ன வேண்டும்? எண்ணெயைத் தலையில் கொட்டிக்கொண்டு குதித்தான். என் கணவர் வாசலில் நின்று ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றினார். "மாமா, முதுகுக்கு எனக்கு எட்டாது" என்றார். இதற்காகவே அவருடைய எத்தனையோ குற்றங்களை நான் மன்னித்திருக்கிறேன்.

அப்பா பாயைக் கக்கத்தில் வைத்தபடி வந்து எட்டிப் பார்த்தார். "மாப்ளே, மாப்ளே, நீங்க எதுக்கு" என்றார். பாயைக் கீழே போட்டார். மாப்பிள்ளை முதுகில் எண்ணெய் தேய்த்தார். என் தலையில் சீயக்காயை வைத்து, சின்ன வயதில் செய்தது போலவே கண்ணில் படும்படி பரபரவென்று தேய்த்தார். எரிந்தது. நான் கத்தினேன். "சும்மா நில்லுட்டீ" என்றார்.

மீனா கடைசிவரை தண்ணீரில் இறங்கவில்லை. கரையில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அப்பா அவள் பின்னால் போய் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றார். ரொம்ப நேரம் கழித்து, திரும்பிப் பார்க்காமலே தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

ஜீப்புக்கு யாரும் சொல்லிவிடவில்லை.

6

பதினைந்தாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு டாக்ஸி வந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு பம்பாய் விமானம், அங்கிருந்து நைரோபி, அங்கிருந்து லுசாகா. புதிதாக வரும் வெள்ளைக்காரத் தம்பதிக்கு வீட்டைத் தயார் செய்ய வேண்டும் என்று சுகுமாரன் காலையிலிருந்தே அவசரப்படுத்தினார். அண்ணன் சாமான்களை ஏற்ற ஜீப்போடு வந்திருந்தான்.

அப்பா ஒரு தட்டில் புடவை, ரவிக்கைத் துணி, தேங்காய், ஒரு சீப்பு மட்டிப்பழம், மஞ்சள், குங்குமம் வைத்துக்கொண்டு நின்றார். பெண்கள் செய்ய வேண்டியது. அம்மா இல்லை, மதினியையும் அழைத்து வரவில்லை. அவரே என் நெற்றியில் குங்குமம் வைத்தார். பாதி மூக்கில் விழுந்தது.

என் கணவர் சாவியைச் சுகுமாரனிடம் கொடுக்கப் போனார்.

"எங்கிட்ட தாங்க மாப்ளே. நீங்க புறப்படுங்க. நான் பூட்டிக்கிடுதேன்."

"போயிட்டு வாறேன்ப்பா" என்றேன்.

"வா மக்கா" என்றார்.

டாக்ஸி திரும்பும்போது பார்த்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்காரர் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. அடுத்த விடுப்புக்கு மூன்று மாதம் இருக்கும்போது தந்தி வந்தது.

காரியங்கள் முடிந்த பிறகு அண்ணன் எழுதிய நீளமான கடிதத்தில்தான் அன்று நாங்கள் போன பிறகு நடந்தது இருந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. சுகுமாரன் துடைப்பத்தோடு வந்திருக்கிறார். அப்பா அதை அவர் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாராம். வீட்டிலிருந்து ஒருவர் பயணம் புறப்பட்டால் அவர்கள் வண்டியேறும்வரை எங்கள் வீட்டில் யாரும் பெருக்க மாட்டார்கள்.

"பிள்ளை இப்பத்தான் எறங்கிப் போறா. அவ பிளேன் ஏறுகதுக்கு முன்ன இந்த வீட்டைத் தூத்துப் பெருக்கப்படாது" என்று சொல்லிவிட்டாராம். சுகுமாரன் கெஞ்சியிருக்கிறார், கத்தியிருக்கிறார். வெள்ளைக்காரத் தம்பதி வந்து பெட்டிகளோடு தென்னை மரத்தடியில் நின்றிருக்கிறார்கள். அண்ணன் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்திருக்கிறான். அப்பா அசையவில்லை. மூன்றரை மணி நேரம்.

ஐந்தரை மணிக்குக் கடல் பக்கமாக விமானச் சத்தம் கேட்டதாம். அப்பா எழுந்து முற்றத்துக்கு வந்து, கையை நெற்றியில் வைத்து, அது கண்ணுக்கு மறைகிறவரை பார்த்தாராம். பிறகு துடைப்பத்தைச் சுகுமாரனிடம் கொடுக்காமல், மூச்சு வாங்க வாங்க, அறை அறையாகத் தானே பெருக்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினாராம்.

இந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதிவிட்டேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அன்று எங்கள் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். ஐந்தரைக்குப் போனது வேறு எங்கோ போகிற விமானம். அப்பா அந்த வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் திருவனந்தபுரத்தில்தான் இருந்தேன். விமான நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து, அவர் கொடுத்த பழத்தை அருணுக்கு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.